அனுப்பாத பதில்கள்

வகுப்பு முழுவதும் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு லாரி பக்கத்து ஊருக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது. போய் வந்ததன் சராசரி வேகம் என்ன? சரியான பதில் நாற்பத்தெட்டு. தவறாகச் சொல்கிறவர்கள் ஐம்பது என்பார்கள். நாற்பதையும் அறுபதையும் கூட்டிப் பாதியாக்கினால் அது வரும். மெதுவாகப் போகும் லாரி சாலையில் அதிக நேரம் கிடக்கிறது, அதனால் சராசரி நாற்பதின் பக்கம் சாய்கிறது என்பதை மறந்தால் ஐம்பதில் போய் நிற்கலாம். அது நல்ல பிழை. எந்த வழியாக அங்கே போனார்கள் என்று தெரியும். கையைப் பிடித்து அதே வழியாகத் திரும்பக் கூட்டிவந்துவிடலாம்.

ஐம்பத்திரண்டுக்கு வழியே இல்லை.

திரையின் வலது ஓரத்தில், மாணவர்கள் பதில் எழுதும் சாட் பெட்டியில், ஐம்பத்திரண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் கணக்கில் சறுக்கலாம். இத்தனை பேர், இத்தனை வீடுகளில் தனித்தனியாக உட்கார்ந்து, ஒரே இடத்தில் ஒரே மாதிரி எப்படிச் சறுக்க முடியும்?

"இல்லை, நாற்பத்தெட்டு," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். பாடம் மீதமிருந்தது.

முதலாண்டு மாணவர்களுக்கு நேரலையில் இயற்பியல் நடத்துவது அவள் வேலை. பல்கலைக்கழகத்தின் ஒப்பந்த விரிவுரையாளர். வகுப்பறை என்பது அவளுடைய படுக்கையறையில் பாதி. மேசை தாழ்வாக இருந்ததால் இஸ்திரிப் பலகையை இடுப்புயரத்துக்கு ஏற்றி, அதன்மேல் மடிக்கணினியை வைத்து நின்றுகொண்டே பாடம் எடுப்பாள். அறையின் மறுபாதியைத் துணித்திரை மறைத்திருந்தது. அதற்கு அப்பால் அக்கா தூங்கிக்கொண்டிருப்பாள். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு இரவில் வேலை, பகலில் தூக்கம். ஆகவே திரைக்கு இந்தப் பக்கம் நியூட்டனின் விதிகள் எல்லாம் அடக்கிய குரலிலேயே விளக்கப்பட்டன. கொஞ்சம் உற்சாகம் வந்து குரல் உயர்ந்தால், "மெதுவாடி, உலகமே உருண்டு விழுந்துடாது," என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். மாணவர்களுக்கும் அது கேட்கும். அவர்கள் சிரித்தார்களா என்று அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எல்லாருடைய கேமராவும் அணைந்திருக்கும். கேமரா போட்டால் டேட்டா தீர்ந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அது பொய்யுமல்ல. கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிப் பழகியிருந்தாள். பழகியது என்றால் வலிக்காமல் போனது என்று பொருளல்ல. களைப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

அன்று மாலை அக்கா எழுந்து வந்தபோது, அவள் சமையலறையில் மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, கரண்ட் பில்லுல லாரி ஓட்டிக்கிட்டு இருக்க?"

"நாப்பதும் அறுபதும் இருக்குக்கா. எப்படிப் போட்டா ஐம்பத்திரண்டு வரும்?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "டிரைவர் நடுவுல நிறுத்தி டீ குடிச்சானோ?"

"டீ குடிச்சா சராசரி குறையும். ஏறாது."

"அப்போ குடிக்காம வந்திருப்பான், பாவம்." அக்கா உறையைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு கணக்குத் தப்பானதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

ஒரு கணக்குக்காக இல்லை. நேரலை வகுப்பில் எது கேட்டாலும் சாட்டில் சரியான பதில் கொட்டும். ஆனால் இடைத்தேர்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தோற்றிருந்தார்கள். அதே பாடம், அதே மாதிரிக் கேள்விகள். அறிவியல் துறைத்தலைவர் அதைப் பார்த்துவிட்டு அழைத்திருந்தார். அவர் அதட்டுகிறவர் அல்ல. அதனாலேயே அவர் சொன்னதை அவளால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. பாடங்களை ஒருமுறை வீடியோவாகப் பதிவு செய்து வைத்துவிட்டால் ஆண்டாண்டுக்கும் ஓட்டிக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடக்கிறது. 'நேரலையால என்ன பிரயோஜனம்னு நான் அவங்களுக்குச் சொல்லியாகணும் மேடம். அடுத்த வாரம் உங்க கிளாஸுக்கு வந்து பார்க்கறேன். பார்த்ததை எழுதுவேன்.' வீடியோ வந்துவிட்டால் இந்தப் பாடத்துக்கு ஆள் தேவையில்லை. ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

"அவரு வர்ற அன்னிக்குப் பசங்க நல்லா பதில் சொல்லிட்டா போதும்ல?" என்றாள் அக்கா.

"எப்பவும் நல்லாத்தான் சொல்லுவாங்க. அதுதான்க்கா எனக்குப் புரியவே இல்ல."

அக்கா வேலைக்குப் போன பிறகு அவள் அன்றைய சாட்டைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தாள். வகுப்பு நடக்கும்போது சாட் அருவி மாதிரி விழும். விழுந்து முடிந்ததைத்தான் பார்க்க முடியும், விழுகிற வரிசையைப் பார்க்க முடியாது. முடிந்த பிறகு படித்தால் வரிசை தெரியும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது வந்த நேரம் சின்ன எழுத்தில் இருக்கும். முதல் ஐம்பத்திரண்டு, கேள்வி கேட்டு முடித்த உடனேயே வந்திருந்தது. அதன்பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒன்றும் இல்லை. பிறகு மற்றவை எல்லாம் மொத்தமாக.

முதல் பதிலைப் போட்டவள் வகுப்பில் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கியிருந்த மாணவி. கேள்வி முடியுமுன் பதில் போட்டுவிடுவாள். ஆசிரியை பழைய வகுப்புகளின் சாட்டையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் இதே உருவம்: எக்ஸ்பிரஸ், இடைவெளி, கூட்டம். எக்ஸ்பிரஸின் பதில் சரியாக இருந்த நாட்களில் வகுப்பே சரியாக இருந்தது. அவள் சறுக்கிய அன்று வகுப்பே சறுக்கியது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இஸ்திரிப் பலகையின்மேல் கையூன்றி நின்றாள். இத்தனை வாரமும் ஒரே ஒரு பெண்ணுக்குப் பாடம் எடுத்துவிட்டு, கூட்டத்துக்கு எடுத்ததாக நினைத்துக் களைத்திருக்கிறாள்.

மறுவகுப்பு முடிந்ததும் எக்ஸ்பிரஸை மட்டும் இருக்கச் சொன்னாள். மற்ற கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"லாரிக் கணக்குல ஐம்பத்திரண்டு எப்படிம்மா வந்துச்சு?"

"வரல மேடம். நானா போட்டேன்."

"நானான்னா?"

"வேணும்னேதான். சாரி மேடம். நாப்பத்தெட்டுன்னு எனக்குத் தெரியும். நான் எதைப் போட்டாலும் எல்லாரும் அதையே போடறாங்க. நிஜமாவே யாராவது இருக்காங்களான்னு பார்க்கணும்னு தோணுச்சு. வாயில வந்த ஒரு நம்பரைப் போட்டேன். யாராவது 'என்னடி இது, எப்படி வந்துச்சு'ன்னு கேப்பாங்கன்னு நினைச்சேன்."

"யாரும் கேக்கல."

"நீங்ககூடக் கேக்கல மேடம்."

உண்மைதான். பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனவள் அவள்தான்.

"சரி, ஏன் இவ்வளவு அவசரமா போடற? கொஞ்சம் நிதானமா போடக்கூடாதா?"

"அம்மா எப்ப வேணும்னாலும் போனைக் கேப்பாங்க மேடம். கேக்கறதுக்குள்ள போட்டுடணும்ல." பின்னாலிருந்து, "இன்னும் முடியலையாடி?" என்று ஒரு குரல் வந்தது. "இதோ வந்துட்டாங்க," என்றாள் எக்ஸ்பிரஸ், கட்டம் மறைந்தது.

ஒரு பொருளை ஒருவர் மட்டுமே தூக்கிக்கொண்டிருந்தால், அவரை ஒதுங்கச் சொல்லிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. அவளும் அதைத்தான் செய்தாள். யாராவது பதில் போடும்வரை போட வேண்டாம் என்று எக்ஸ்பிரஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டு அடுத்த வகுப்பில் கேள்வியைக் கேட்டாள். சாட் அசையவில்லை. கிணற்றில் கல் போட்டால்கூட ஒரு சத்தம் வரும், இங்கே அதுவுமில்லை. திரைக்குப் பின்னால் அக்கா புரண்டு படுத்தது கேட்டது. அந்த அமைதியைத் தாங்க மாட்டாமல் பதிலை அவளே சொல்லிவிட்டாள்.

பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். முதலில் கூப்பிட்டவன் எப்போதும் செய்வதைச் செய்தான்: 'மைக் வேலை செய்யல மேடம்' என்று சாட்டில் எழுதினான். பருவம் தொடங்கியதிலிருந்து அவனுடைய மைக் வேலை செய்ததில்லை. வகுப்பே அவனுக்கு மைக் என்று பெயர் வைத்திருந்தது. இரண்டாவது பெண்ணின் மைக் வேலை செய்தது. ஆனால் அவள் வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் வகுப்பில் பெயரை மட்டும் விட்டுவிட்டு எங்கோ போயிருந்தான். மூன்று பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பாடத்தின் கால்பாகம் போய்விட்டது. கூப்பிடப்படாத மற்றவர்களோ, இனி நம் முறை வராது என்று தெரிந்ததும் மேலும் அமைதியானார்கள்.

கடைசியாக, பதிலை அவளுக்கு மட்டும் தனிச்செய்தியாக அனுப்பச் சொன்னாள். யாரும் யாரையும் பார்க்க முடியாது. பார்க்காவிட்டால் காப்பி அடிக்க முடியாது. கணக்குப்படி இது சரியாக வந்திருக்க வேண்டும். நாலைந்து பேர்தான் அனுப்பினார்கள். மற்றவர்கள் ஏன் அனுப்பவில்லை என்று பிறகு யோசித்தபோது காரணம் பிடிபட்டது. கூட்டத்தோடு கூட்டமாகத் தப்புச் செய்ய யாருக்கும் பயமில்லை. ஆசிரியையின் முன்னால் தனியாக நின்று தப்புச் செய்யத்தான் பயம்.

அந்த வகுப்பின் முடிவில் அவள் 'சரி, போயிட்டு வாங்க' என்று சொன்னபோது குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. அடுத்தது துறைத்தலைவர் வரும் வகுப்பு. கட்டங்கள் மறைந்தன. இரண்டு மட்டும் மிஞ்சின. ஒன்று எக்ஸ்பிரஸ்.

"மேடம், அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி நான் போடாம இருந்தேன்ல. பதிலை அடிச்சுட்டு, விரலைத் தூக்கி வெச்சுக்கிட்டே இருந்தேன். யாராவது போடுவாங்க, போடுவாங்கன்னு. யாருமே போடல. விரலே வலிச்சுடுச்சு."

"தெரியும்மா. வகுப்புல யாரும் இல்ல. நீ என்ன பண்ணுவ?"

"நான் இருந்தேன் மேடம்."

அது இரண்டாவது கட்டத்திலிருந்து வந்த குரல். ஆண் குரல். அவள் பெயரைப் பார்த்தாள். மைக்.

"உன் மைக் வேலை செய்யுதா?"

"...இப்ப செய்யுது மேடம்."

எக்ஸ்பிரஸ் களுக்கென்று சிரித்தாள். "டேய், பருவத் தேர்வுக்குள்ளயாவது சரி பண்ணியே!"

"நீ சும்மா இரு. உன்னாலதான் எல்லாம்." அவன் தொண்டையைக் கனைத்தான். "மேடம், அன்னிக்கு நானும் அடிச்சு வெச்சிருந்தேன். இவ போட்டதும் பார்த்துட்டு அனுப்பலாம்னு. இவ போடவே இல்ல, அதனால நானும் அனுப்பல. நிறைய பேரு அப்படித்தான். லாரிக் கணக்குலயும் அதேதான் நடந்துச்சு."

"லாரிக் கணக்குல நீ என்ன அடிச்சு வெச்சிருந்த?"

"நாப்பத்தெட்டு."

அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"இவ ஐம்பத்திரண்டுன்னு போட்டா. சரி, நமக்குத்தான் தப்பா வந்திருக்குன்னு அழிச்சுட்டு ஐம்பத்திரண்டு போட்டேன். எங்க குரூப்ல அன்னிக்கு ராத்திரி இதே பேச்சுதான் மேடம். பாதிப் பேரு ஐம்பது அடிச்சு வெச்சிருந்தாங்க. என்னை மாதிரி சில பேரு நாப்பத்தெட்டு. எல்லாரும் அழிச்சிருக்கோம்."

"லூசாடா நீ?" என்றாள் எக்ஸ்பிரஸ். அவள் குரலில் இப்போது சிரிப்பில்லை. "சரியா போட்டுட்டு யாராவது அழிப்பாங்களா?"

"நீ தப்பா போடுவேன்னு யாருக்குத் தெரியும்?"

இருவரும் போன பிறகும் அவள் கணினியை மூடவில்லை. கறுப்புக் கட்டங்களுக்குப் பின்னால் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். யோசித்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், பிறகு அழித்திருக்கிறார்கள். அந்த அழிப்பு மட்டும் அவள் திரைக்கு வந்து சேரவே இல்லை.

அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். பதில் சொல்வது ஒரு வேலையாகத் தெரிகிறது. அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. யோசிப்பது ஒன்று, எழுதுவது ஒன்று, அனுப்புவது ஒன்று. யோசிப்பதிலும் எழுதுவதிலும் கெடுதல் இல்லை. ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. போனில் அது அவரவர் விரலடியில்தான் இருக்கும். அனுப்பியவுடன்தான் அது ஊருக்குத் தெரிகிறது. ஆகவே கெடுதல் நுழைவது முதல் ஆள் அனுப்புவதற்கும் கடைசி ஆள் அனுப்புவதற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான். எக்ஸ்பிரஸை மெதுவாகப் போகச் சொன்னால், வேறொருவர் எக்ஸ்பிரஸ் ஆவார். எல்லாரையும் ஒரே வேகத்தில் யோசிக்க வைக்க யாராலும் முடியாது. ஆனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்ப வைக்க முடியும். இடைவெளி இல்லை என்றால் பார்த்து அழிக்க நேரமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக விழுவதால் தனியாக மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

இன்னொன்றும் புரிந்தது, அது அவளைப் பற்றியது. வகுப்பறையில் கேள்வி கேட்டால் முகங்கள் தெரியும். பேனாவைக் கடிப்பவன், கூரையைப் பார்ப்பவள், பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்ப்பவன். அது அமைதியானாலும் உயிருள்ள அமைதி, காத்திருக்கலாம். இங்கே அமைதி என்றால் ஒரு சுவர். நெட் போய்விட்டதோ, ஆள் போய்விட்டதோ என்று ஒரு மூச்சுக்குள் பயம் வந்து, பதிலை அவளே சொல்லிவிடுகிறாள். போனில் கட்டைவிரலால் எழுதுகிற ஒருவருக்கு அந்த ஒரு மூச்சு எப்படிப் போதும்?

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னாள். அக்கா காலணியை மாட்டியபடி முழுவதும் கேட்டாள்.

"நல்ல யோசனைதான். ஆனா இதை அந்தப் பெரியவரு முன்னாடியா முதல்முதலா பண்ணப் போற?"

"வேற கிளாஸ் இல்லையே."

"எல்லாரும் அவங்கவங்க நிஜப் பதிலைப் போட்டா என்ன ஆகும்?"

"நிறைய தப்பா வரும்."

"அதை அவரு பார்ப்பாரு. எழுதுவாரு." அக்கா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒரே ஒரு நாளைக்கு அந்தப் பொண்ணையே போட விடுடி. சாட் பூரா சரியான பதிலா கொட்டும். மனுஷன் சந்தோஷமா போவாரு. உன் சோதனையெல்லாம் அடுத்த வாரம் வெச்சுக்க."

அக்கா சொன்னதில் பிழை இல்லை. அது எவ்வளவு எளிது என்று அவளுக்குத் தெரியும். எக்ஸ்பிரஸுக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், தானாக நடந்துவிடும். மைக் அடித்து வைத்து அழித்த நாற்பத்தெட்டுதான் அவளை விடவில்லை.

துறைத்தலைவர் சரியான நேரத்துக்கு வந்தார். அவருடைய கட்டமும் கறுப்பாகவே இருந்தது. அவர் வந்ததைப் பார்த்ததும் சாட்டில் வரிசையாக வணக்கங்கள் விழுந்தன. முதல் வணக்கம் எக்ஸ்பிரஸுடையது.

அவள் ஒரு தொட்டியின் படத்தைக் காட்டினாள். தொட்டியில் தண்ணீர், தண்ணீரில் ஒரு பொம்மைப் படகு, படகில் ஒரு கல். "கல்லை எடுத்துத் தண்ணியில போடறோம். அது அடியில போய் உட்கார்ந்துடுது. தொட்டியில தண்ணி மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? பதிலை அடிங்க. ஆனா அனுப்பாதீங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் அனுப்பக்கூடாது. எக்ஸ்பிரஸ், உனக்கும் சேர்த்துத்தான்."

தன் மைக்கை அணைத்தாள். பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்தாள். வாயில் தண்ணீர் இருந்தால் பேச முடியாது என்பதற்காகவே அதை வைத்திருந்தாள். சாட் அசையவில்லை. டம்ளர் பாதி ஆயிற்று. திரைக்குப் பின்னால் அக்காவின் குறட்டை. பேசிவிடு, பேசிவிடு என்று வாய் அரித்தது.

துறைத்தலைவரின் குரல் வந்தது. "மேடம், லைன்ல இருக்கீங்களா? நெட் போயிடுச்சோ?"

அவள் தன் மைக்கைப் போட்டாள். "இல்ல சார். யோசிக்கிறாங்க."

"ஓ," என்றார் அவர்.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். டம்ளர் காலியானதும் சொன்னாள்: "இப்ப அனுப்புங்க."

சாட் கொட்டியது. ஏறும். அப்படியே இருக்கும். ஏறும். ஏறும் மேடம். இறங்கும். அப்படியே. தெரியல. ஏறும். படகு மூழ்கிடுமா மேடம்? அப்படியே இருக்கும். யாருடையது முதலில் வந்தது என்று அவளால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. சரியான பதிலான இறங்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. எக்ஸ்பிரஸின் பதிலைத் தேடிப் பிடித்தாள். அப்படியே இருக்கும் என்று போட்டிருந்தாள். இந்த முறை நிஜமாகவே தவறு. ஆனால் அதைப் பார்த்து யாரும் எதையும் அழித்திருக்க முடியாது.

துறைத்தலைவரும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் திரும்பிப் போக வழியில்லை.

"அப்படியே இருக்கும்னு நிறைய பேரு போட்டிருக்கீங்க. அதுல யாராவது ஏன்னு சொல்லுங்க. சரியா தப்பான்னு நான் இன்னும் சொல்லல."

"மேடம்," என்றான் மைக். "கல்லு முன்னாடியும் தொட்டிக்குள்ளதான் இருந்துச்சு. இப்பவும் தொட்டிக்குள்ளதான் இருக்கு. வீட்டுக்குள்ள கட்டில்ல இருந்து எழுந்து தரையில படுத்தா வீடு மாறிடுமா?"

யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். யாருடைய மைக்கோ திறந்திருந்தது. அவளும் சிரித்தாள். "நல்ல காரணம். தப்பாப் போச்சுன்னா இந்தக் காரணத்துல எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்கணும். யாரு கண்டுபிடிக்கிறீங்க?"

இப்போது வந்த அமைதியில் அவளுக்குப் பயம் குறைவாக இருந்தது. யாரும் ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. அதனால் அவளே ஒரு படி எடுத்துக் கொடுத்தாள். "சரி, அந்தக் கல்லைச் சின்னதாக்கிக்கிட்டே போங்க, எடை மட்டும் குறையக் கூடாது. கடுகு அளவுதான் இருக்கு, ஆனா பழைய எடை. படகுல இருக்கும்போது அது என்ன பண்ணும்?"

"படகை அழுத்தும்," என்றது ஒரு புதிய குரல், இதுவரை கேட்டிராத பெண் குரல். "படகு நல்லா இறங்கும். தண்ணி நிறைய ஒதுங்கும். அதனால மட்டம் ஏறியிருக்கும்."

"அதைத் தூக்கித் தண்ணியில போட்டா?"

"படகு மேல வந்துடும். கடுகு அடியில போயிடும். கடுகு எவ்வளவு தண்ணியை ஒதுக்கும்? கடுகளவுதான்…" குரல் நின்றது. "அய்யோ மேடம். இறங்கும்."

"டேய் மைக்," என்றாள் எக்ஸ்பிரஸ், "நீ கட்டில்ல இருந்து எழுந்ததும் கட்டில் மேல வருமாடா?"

"நீயும் அப்படியேன்னுதான போட்ட? பார்த்தேன்."

"போட்டேன். தப்புத்தான். அதுக்கென்ன இப்ப?"

படகில் இருக்கும்வரை கல் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்குகிறது, அடியில் கிடக்கும்போது தன் உருவத்தளவு தண்ணீரை மட்டுமே ஒதுக்குகிறது என்று அவள் ஒருமுறை நிதானமாகச் சொன்னாள். பிறகு அதே தொட்டியைக் காட்டி, படகில் கல்லுக்குப் பதில் மிதக்கும் மரக்கட்டை இருந்து, அதை எடுத்துத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அடியுங்கள், அனுப்பாதீர்கள். டம்ளரில் தண்ணீர் இல்லை. வெறும் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அனுப்பச் சொன்னபோது, மட்டம் மாறாது என்று பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். இந்த முறை அதுவே சரியான பதில். எல்லாரும் அல்ல. இன்னும் சிலர் ஏறும் என்றே போட்டிருந்தார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வகுப்பு முடிந்து சற்று நேரத்தில் துறைத்தலைவர் அழைத்தார். அவள் இஸ்திரிப் பலகையின் காலடியில், சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மேடம் இது, இவ்வளவு தப்பா சொல்றாங்க?"

"எப்பவும் இவ்வளவு தப்பு இருந்திருக்கும் சார். இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவர் மறுமுனையில் எதையோ நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "நான் போன வாரம் பார்த்த மத்தவங்க கிளாஸ்ல எல்லாம் பதில் கடகடன்னு வந்துச்சு. எனக்கு என்னவோ அது உறுத்திச்சு, என்னன்னு சொல்லத் தெரியல." பெருமூச்சு விட்டார். "உங்க தொட்டிக்கு நானும் ஏறும்னுதான் மனசுல போட்டு வெச்சிருந்தேன். வேதியியல்காரன், மன்னிச்சுடுங்க."

"நிறைய பேரு அதைத்தான் போடுவாங்க சார்."

"வீடியோ எடுத்து வெச்சா, யாரு எங்க தப்புப் பண்றாங்கன்னு வீடியோவுக்குத் தெரியாதே?"

"தெரியாது சார்."

"அதை அப்படியே எழுதிடறேன். அடுத்த பருவம் உங்க கிளாஸ் நேரலைதான். ஒரு பருவம் வரைக்கும்தான் என்னால சொல்ல முடியும், அதுக்கப்புறம் நானே ரிட்டயர் ஆயிடுவேன்." திரைக்குப் பின்னாலிருந்து, "யாருடி அது, தூங்க விட மாட்டீங்களா?" என்று அக்காவின் குரல் வந்தது. அவர் அதைக் கேட்காததுபோல் தொடர்ந்தார். "மத்த லெக்சரர்களும் இதையே பண்ணட்டும். எப்படிப் பண்ணணும்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். பாடம் எடுக்காதீங்க, நேரா சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"கேள்வியைக் கேளுங்க சார். பதிலை அடிக்கச் சொல்லுங்க, அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. உங்க மைக்கை அணைச்சுட்டுப் பேசாம இருங்க, சீக்கிரம் முடிச்சவங்களுக்குச் சலிப்புத் தட்டற வரைக்கும் இருங்க. அப்புறம் எல்லாரையும் ஒரே நேரத்துல அனுப்பச் சொல்லுங்க. எது சரின்னு உடனே சொல்லிடாதீங்க. எந்தத் தப்பை நிறைய பேரு போட்டிருக்காங்களோ, அதைப் போட்டவங்ககிட்ட முதல்ல ஏன்னு கேளுங்க."